அடைப்பு கரையுமா? எவ்வளவு நடக்கலாம்? அறுவை இல்லாத இதய சிகிச்சை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. 2 வருடம் முன் எல்.ஏ.டி. என்ற இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி ஆஞ்சியோ எடுத்ததில் பழைய ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, ஆர்.சி.ஏ. என்ற வலப்பக்கக் குழாயில் 70 சதவீத அடைப்பு. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 55 சதவீதம். "மருந்திலேயே பார்க்கலாம், தினமும் நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர், இ.இ.சி.பி. என்ற மிஷினில் 35 சிட்டிங் படுத்தால் அடைப்பு கரைந்துவிடும், அது இயற்கை பைபாஸ் என்கிறார். போகலாமா? நடை என்றால் எவ்வளவு?

பதில்: இப்போதைக்கு மிஷின் வேண்டாம். மருந்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, அளவெடுத்துச் செய்யும் உடற்பயிற்சியை 12 வாரம் முடித்த பிறகு மிஷினைப் பற்றிப் பேசலாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"கரைவது" என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். வாழ்க்கை முறையை மாற்றி அடைப்பைக் குறைக்க முடியும் என்று காட்டியதில் மிகப் பிரபலமானது அமெரிக்காவில் டீன் ஆர்னிஷ் நடத்திய ஆய்வு. 1990இல் முதல் முடிவு வந்தது. மொத்தமே 48 பேர். கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகாத சைவ உணவு, உடற்பயிற்சி, புகை நிறுத்தம், தியானம், வாராவாரம் குழுவாக உட்கார்ந்து பேசுவது என்று கடுமையான திட்டம். ஐந்து வருடம் அதைக் கடைப்பிடித்தவர்களுக்கு அடைப்பு சராசரியாகக் குறைந்தது 3.1 புள்ளி. அதாவது 70 என்பது 67 ஆவது போல. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதே காலத்தில் 11.8 புள்ளி கூடியிருந்தது. ஆனால் அந்தக் கடுமையான திட்டத்தில் இருந்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே நெஞ்சுவலி வரும் எண்ணிக்கை 91 சதவீதம் குறைந்துவிட்டது. குழாய் ஏறக்குறைய அப்படியே இருக்க, வலி மட்டும் போயிருக்கிறது. சின்ன ஆய்வுதான், அதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது: அடைப்பின் சதவீதத்தை வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னேற்றத்தை அளக்காதீர்கள். எத்தனை படி ஏறினால் இறுக்கம் வருகிறது என்பதை வைத்து அளங்கள்.

குழாய் மாறாமல் வலி எப்படிக் குறைகிறது? இதயத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைத் துடிப்பும் ரத்த அழுத்தமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பழக்கப்படாத கால் தசைகளோடு ஒரு மாடி ஏறினால் துடிப்பு 120 வரை போகும். மூன்று மாதம் பயிற்சி செய்த கால்கள் வருகிற ரத்தத்திலிருந்தே அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அதே மாடிக்கு 105 துடிப்பு போதும். 118இல் வலி வருகிற இதயம் 105இல் நிம்மதியாக வேலை பார்க்கும். கூடவே, ரத்தம் வேகமாக ஓடி உரசும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, அதனால் குழாய் விரிகிறது. இன்னொரு பக்கம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை அடைப்புக்குள் இருக்கும் கொழுப்பை வற்றவைத்து அதன் மேல்மூடியைத் தடிப்பாக்குகிறது. பல மாரடைப்புகள், 70 சதவீதத்துக்கும் குறைவான ஒரு அடைப்பின் மெல்லிய மூடி கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. ஆகவே மூடி தடிப்பது, அளவு இரண்டு புள்ளி குறைவதைவிட முக்கியம்.

"மருந்திலேயே பார்க்கலாம்" என்றது கைகழுவலா என்று பலருக்கும் சந்தேகம் வரும். இல்லை. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள். இந்தியாவிலிருந்தும் நிறைய பேர். நிலையான இதய நோயும், இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தில் ஓரளவுக்கு மேல் குறைவும் உள்ளவர்கள். ஒரு பாதிப் பேருக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பாதிக்கு மருந்து மட்டும், தேவைப்பட்டால் பிறகு செய்யலாம் என்று. மூன்று வருடத்துக்குச் சற்று மேல் பார்த்ததில் மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு, செயல்முறை செய்துகொண்ட பிரிவில் வலி கூடுதலாகக் குறைந்தது. அதற்கும் முன்பே, 2004இல், ஜெர்மனியில் 101 ஆண்களை வைத்து ஸ்டென்டையும் தினசரி 20 நிமிட சைக்கிள் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் எந்த இதயச் சிக்கலும் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 70 சதவீதம்.

ஆனால் இந்த ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. இடது பிரதானக் குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, பம்பிங் 35க்குக் கீழ், சும்மா இருக்கும்போதே வலி, நாளுக்கு நாள் கூடும் வலி: இவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு உள்ளவர்களுக்குப் பைபாஸ் ஆயுளைக் கூட்டுகிறது என்பதும் உறுதியான விஷயம். அப்படிப்பட்ட ஒருவர் இந்தப் பதிலைப் படித்துவிட்டு "நானும் நடந்தே சரிசெய்துகொள்கிறேன்" என்று கிளம்பக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு ஒரே குழாய், பம்பிங் நன்றாக இருக்கிறது, வலியும் ஒரே மாதிரி வந்து போகிறது. அவருக்கு இந்த வழி சரி.

இனி மருந்து. "மருந்திலேயே பார்க்கலாம்" என்றால் முழு அளவு மருந்து என்று பொருள். அடுத்த விசிட்டில் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். முதலாவது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால். லேப் சீட்டில் 100க்குள் நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். அது அவருக்கான எல்லை இல்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு 55க்குக் கீழ் வர வேண்டும். அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினை 10 மி.கி. போட்டுக்கொண்டு "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று இருப்பவர்கள் ஏராளம். இந்த நோய்க்கு 40 முதல் 80 மி.கி.தான் முழு அளவு. அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் குறைவது 6 சதவீதம்தான், எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையை 10 மி.கி. சேர்த்தால் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். "நார்மல் வந்துவிட்டது" என்று நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே போய்விடும்.

இரண்டாவது, குழாயை விரித்து வலியைத் தடுக்கும் நைட்ரேட் மாத்திரை போடும் நேரம். ஐசோசார்பைட் வகை மாத்திரையைக் காலை 8, இரவு 8 என்று சமமாகப் பிரித்துப் போட்டால் உடம்பு அதற்குப் பழகி, சில நாளில் வேலை செய்யாமல் போகிறது. தினமும் 10 முதல் 14 மணி நேரம் அந்த மருந்து உடம்பில் குறைந்திருக்க வேண்டும். அதனால்தான் காலை 8, மதியம் 3 என்று எழுதுவார்கள். வீட்டில் யாரோ "ஒரு நாளைக்கு ரெண்டு, காலையும் ராத்திரியும்" என்று மாற்றிவிடுவது வழக்கமாக நடக்கிறது. மூன்றாவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக அதைத் தானாக நிறுத்தக் கூடாது. உள்ளே ஒரு ஸ்டென்ட் இருக்கிறது.

இப்போது நடைக்கு வருவோம். "தினமும் நடங்க" என்பது அரைகுறைச் சீட்டு. இதய மறுவாழ்வு என்று அமெரிக்கா போன்ற நாடுகளில் வழக்கமாகச் செய்வது, வாரத்துக்கு 3 நாள் என்று 12 வாரம், மொத்தம் 36 அமர்வு. 85 ஆய்வுகளில் 23,000க்கு மேற்பட்டவர்களின் முடிவுகளைத் தொகுத்து 2021இல் காக்ரேன் குழு பார்த்ததில், இதய நோயால் இறப்பது சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாரடைப்பும் மருத்துவமனையில் சேர்வதும்கூட. இவ்வளவு பலன் தரும் ஒரு மாத்திரை வந்தால் விளம்பரம் போட்டே விற்பார்கள். இதில் விற்க எதுவும் இல்லாததால் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியாகிவிட்டது. பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று பிசியோதெரபிஸ்ட் இருப்பார். முதல் சில அமர்வையாவது அங்கே, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே செய்துவிட்டு மீதியை வீட்டில் தொடரலாம். ஆபத்து குறைந்தவர்களுக்கு வீட்டில் செய்வதும் மையத்தில் செய்வதும் ஏறக்குறைய ஒரே பலன்தான்.

துவங்கும் முன் ஒரு டிரெட்மில் டெஸ்ட் வேண்டும். நோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் டெஸ்டுக்குச் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். பயிற்சிக்காக எடுக்கும்போது எல்லா மாத்திரையும் வழக்கம்போல் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் தினமும் நடக்கப்போவது மாத்திரையோடுதான். உதாரணமாக அப்பாவுக்கு ஓய்வில் துடிப்பு 68, டிரெட்மில்லில் 118 வந்தபோது இறுக்கமும் ஈ.சி.ஜி. மாற்றமும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். வலி வரும் துடிப்புக்கு 10 கீழே, அதாவது 108, அவர் தாண்டக் கூடாத கோடு. கீழ்க்கோடு: 118இல் 68 போக 50, அதில் 40 சதவீதம் 20, அதை 68உடன் கூட்டினால் 88. ஆக 88 முதல் 108 வரை அவருடைய பயிற்சி எல்லை. முதல் மூன்று வாரம் 88 முதல் 98க்குள் இருந்தால் போதும்.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் "220 கழித்தல் வயது" கணக்கைப் போட்டுப் பாருங்கள். 159 வரும். அதில் 70 முதல் 85 சதவீதம் என்றால் 111 முதல் 135. அத்தனையும் அவருக்கு வலி தரும் கோட்டை ஒட்டி அல்லது தாண்டி இருக்கிறது. மெட்டோபிரோலால் போல துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவருக்கு அந்தக் கணக்கே செல்லாது. கையில் கட்டும் பல ஸ்மார்ட் வாட்சுகளும் இதே கணக்கை வைத்துத்தான் "இன்னும் வேகமாக" என்று தூண்டுகின்றன. அந்த எல்லையை அமைப்புகளில் போய் மாற்றிவைத்துவிடுங்கள்.

டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வாய்ப்பில்லை என்றால், ஓய்வுத் துடிப்போடு 20 கூட்டி அதற்குள் நிற்க வேண்டும். அதோடு பேச்சுச் சோதனை: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் தடங்கல் இல்லாமல் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத்தில் ரத்தம் குறைந்தாலும் வலி தெரியாமல் போகலாம். திடீரென்று வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ அதையே வலியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடையின் வேகத்தை முடிவுசெய்ய ஆறு நிமிட நடைச் சோதனை. சமதரையில் 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, 6 நிமிடத்தில் அவரால் ஓடாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் முறை மருத்துவமனையில் செய்வது நல்லது. 360 மீட்டர் வந்தது என்றால் நிமிடத்துக்கு 60 மீட்டர். பயிற்சியை அதில் 80 சதவீதத்தில், நிமிடத்துக்கு 48 மீட்டரில் தொடங்கலாம். மொட்டை மாடியில் ஒரு சுற்று 40 மீட்டர் இருந்தால் 10 நிமிடத்தில் 12 சுற்று. முதல் வாரம் இதையே காலையும் மாலையும். வாராவாரம் 4, 5 நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்துக்குள் ஒரே தடவையில் 30 நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். 30 நிமிடம் எளிதாக வந்த பிறகுதான் வேகம். ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் மூட்டு வலியோ நெஞ்சு இறுக்கமோ வந்து எல்லாமே நின்றுபோகும். தமிழ்நாட்டில் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்து வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். அது அவருக்குப் பிறகு. முதல் மாதம் நண்பர்களோடு சேர்ந்து அங்கே போய்விடக் கூடாது. கூட்டத்தோடு நடக்கும்போது யாரும் தன் துடிப்பைப் பார்ப்பதில்லை.

முன்னே 10 நிமிடம், பின்னே 10 நிமிடம் மெதுநடை. எல்லோரும் வெட்டுவது இந்த இரண்டைத்தான், சிக்கல் வருவதும் இங்கேதான். முன்னால் செய்யும் மெதுநடை குழாய்களைத் திறந்துவிடுவதால், பிறகு வேகமாக நடக்கும்போது இறுக்கம் தாமதமாகவே வரும். முடிவில் சட்டென்று நின்றால், அதுவரை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசை நின்றுவிடுகிறது. ரத்தம் காலில் தேங்கி அழுத்தம் இறங்கும். அட்ரினலின் மட்டும் இன்னும் உச்சத்தில் இருக்கும். இதயத்துக்கு வேலை குறையாமல் ரத்தம் மட்டும் குறைகிற நேரம் அது. தலைசுற்றலும் துடிப்புக் கோளாறும் வருவது அப்போதுதான். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை, நைட்ரேட் போடுபவர்களுக்கு இன்னும் அதிகம். நடந்து வந்த கையோடு வெந்நீர்க் குளியலும் இதே வேலையைச் செய்யும். கால் மணி நேரம் கழித்துக் குளிக்கட்டும்.

நேரம் பற்றி நம் ஊரில் ஒரு பிடிவாதம் உண்டு: நடை என்றால் விடிகாலை 5 மணி, வெறும் வயிறு. அவருக்கு அது சரியான நேரம் இல்லை. நைட்ரேட் இரவு முழுக்க இறங்கியிருக்கும், காலை மாத்திரை இன்னும் போட்டிருக்க மாட்டார், உடம்பில் இயல்பாகவே அட்ரினலின் ஏறும் வேளை. டிரெட்மில்லில் மாத்திரையோடு எடுத்த 108 என்ற கோடு அந்த நேரத்துக்குப் பொருந்தாது. முதல் சில வாரமாவது மாத்திரை போட்டு, லேசாக ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து நடக்கட்டும். வெயில் காலத்தில் அதற்குள் சூடு ஏறிவிடும் என்றால் மாலை 5:30க்கு மேல். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் 2 மணி நேர இடைவெளி. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ போடுகிறார் என்றால் நடக்கும் முன் குத்திப் பார்க்க வேண்டும். 100க்குக் கீழ் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான். மெட்டோபிரோலால், சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது.

காய்ச்சல், ஓய்வில் 180/110க்கு மேல் அழுத்தம், புதிதாக மாறிய வலி, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறிக் கால் வீங்குவது: இதில் எது இருந்தாலும் அன்று நடை வேண்டாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றே மருத்துவரிடம்.

நான்காவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. ரப்பர் பேண்டோ 1 கிலோ எடையோ போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே தொடைக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் அழுத்தம் ஏறி, விட்டதும் இறங்கும். மலச்சிக்கலோடு முக்குவது, தண்ணீர்க் குடத்தை மூச்சுப் பிடித்துத் தூக்குவது, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் இழுத்துப் போடுவது எல்லாம் இதே கணக்கு. மலச்சிக்கலுக்கு இரவில் இசப்கோல் கொடுத்துவிடலாம். பைபாஸ் முடித்தவர்கள் இதைப் படித்தால்: நெஞ்செலும்பு சேர 8 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ கைகளால் அழுத்தி எழவோ கூடாது.

யாரும் கேட்கத் தயங்கும் ஒன்று: தாம்பத்தியம். இரண்டு மாடி சாதாரண வேகத்தில் வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் ஏற முடிந்தால் தடையில்லை. சில்டனாபில் (வயாக்ரா) வகை மாத்திரையை மட்டும் நைட்ரேட் போடுபவர் தொடவே கூடாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

யோகா? இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் செய்த யோகா கேர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. 12 வாரத்தில் 13 வகுப்பு. வாழ்க்கைத் தரம் கூடியது, பழைய வேலைகளுக்குத் திரும்புவது எளிதானது. மாரடைப்பும் மரணமும் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஆகவே நடையோடு சேர்த்துச் செய்யலாம், நடைக்குப் பதிலாக வேண்டாம். கும்பகம், கபாலபாதி, சிரசாசனம் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த மிஷின். இ.இ.சி.பி. என்பது மோசடி இல்லை. அதை விற்கும் விதத்தில்தான் கோளாறு. கெண்டைக்கால், தொடையின் கீழ்ப்பகுதி, தொடையின் மேல்பகுதியும் பிட்டமும் என்று மூன்று ஜோடிப் பட்டைகள் கட்டுவார்கள். ஈ.சி.ஜி.யைப் பார்த்து, இதயம் சுருங்கி முடித்து விரியும் நொடியில் கீழிருந்து மேலாகப் பட்டைகள் காற்றடைத்து இறுக்கும். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் மூன்றும் ஒரே நேரத்தில் தளரும். இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அது விரியும்போதுதான். அந்த நேரத்தில் காலிலிருந்து ஒரு கூடுதல் தள்ளல் கிடைக்கிறது. தளரும்போது இதயத்துக்குச் சுமை குறைகிறது. அழுத்தம் 300 மி.மீ. பாதரசம் வரை. தினம் 1 மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம்; அந்த 35 இப்படி வந்தது.

இதற்கான முக்கியமான ஆய்வு 1999இல் வந்தது, 139 பேர். ஒரு பிரிவுக்கு 300, மறு பிரிவுக்குப் பட்டை இறுகுவது போல் தோன்ற 75 மட்டும். உண்மை அழுத்தம் பெற்றவர்களுக்கு வலியின் எண்ணிக்கை குறைந்தது, பயிற்சியின்போது ஈ.சி.ஜி. மாற்றம் தாமதமானது. நடக்க முடிந்த மொத்த நேரத்தில் இரு பிரிவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. அடைப்பு கரைந்ததாகவோ ஆயுள் கூடியதாகவோ எந்த ஆய்வும் காட்டவில்லை. 2012இன் அமெரிக்க வழிகாட்டுதலும் 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதை "பரிசீலிக்கலாம்" என்ற பலவீனமான வரிசையில்தான் வைத்தன. அதுவும் யாருக்கு? எல்லா மருந்தும் முழு அளவில் போட்டும் வலி நிற்காதவர், ஸ்டென்டோ பைபாஸோ செய்யக் குழாய் வசதிப்படாதவர். இவர்களுக்கு உண்மையிலேயே நிம்மதி கிடைக்கிறது. இடது பிரதானக் குழாய் அடைப்புக்குப் பைபாஸ் சொன்ன பிறகு அதைத் தள்ளிவைத்து இதற்குப் படுப்பதுதான் ஆபத்து.

எப்போதாவது தேவைப்பட்டால், சேரும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. அயோர்ட்டா என்ற பெருந்தமனியின் வால்வில் பெரிய கசிவு, வயிற்று அயோர்ட்டாவில் வீக்கம், காலிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையில் ரத்த உறைவு, காலுக்குப் போகும் தமனியில் கடும் அடைப்பு, கட்டுப்படாத துடிப்புக் கோளாறு இருந்தால் கூடாது. எனவே எக்கோ மட்டும் போதாது. கால், வயிறு டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் ஏற்றும் மையம் நல்ல மையம் இல்லை. விரலில் மாட்டிய கருவியில் இரண்டு அலை தெரியும். இதயத்தின் சொந்த அலைக்குச் சமமாகவோ மேலாகவோ மிஷினின் அலை உயர வேண்டும். வலிக்கிறது என்று அழுத்தத்தை 150இலேயே வைத்து 35 நாளை ஓட்டிவிட்டால், ஆய்வில் உண்மையாகக் கொடுத்த அழுத்தத்தில் பாதியைத்தான் வாங்கியிருப்பீர்கள். சுருக்கமில்லாத இறுக்கமான லெக்கிங்ஸ் போட வேண்டும். ஒரு மடிப்பு இருந்தால் போதும், அங்கே தோல் கொப்புளிக்கும். சர்க்கரை உள்ளவர் காலுக்கு அது சின்ன விஷயம் இல்லை. படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் எழ வேண்டிவரும்.

உடம்பிலுள்ள உலோகங்களைப் பிடித்து வெளியேற்ற, சொட்டு மருந்தாக ஏற்றும் கீலேஷனும் "குழாய் சுத்தம்" என்ற பெயரில் விற்கப்படுகிறது. 2013இல் 1,708 பேர் ஆய்வில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, கொஞ்சம் பலன் தெரிந்தது. அதை உறுதிப்படுத்தச் சர்க்கரை உள்ளவர்களிடமே மறுபடி செய்த ஆய்வு 2024இல் வந்தது, பலன் இல்லை. அந்தக் கதை முடிந்தது. நெஞ்சின் மேல் வைத்துச் செய்யும் அதிர்வலை சிகிச்சைக்கு இதுவரை சிறிய ஆய்வுகளே உள்ளன. ஆஞ்சியோ அறையில் சுண்ணாம்பு படிந்த அடைப்பை உடைக்கப் பயன்படும் ஷாக்வேவ் பலூன் வேறு. பெயரை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் முதலில் உப்பு: நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். கடையில் விற்கும் "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன், ராமிபிரில் போடுபவர், அதுவும் சிறுநீரகம் லேசாகப் பாதித்த சர்க்கரை நோயாளி, மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. புகையோ புகையிலையோ இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதை நிறுத்துவது பெரிது. இதய நோய் வந்தபின் புகையை விட்டவர்களுக்கு மரண ஆபத்து 36 சதவீதம் குறைவு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு.

நடக்கும்போது சட்டைப் பையில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை 5 மி.கி. இருக்கட்டும், காலாவதித் தேதியோடு. இறுக்கம் வந்தால் நின்று, உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் ஒன்று. நின்றுகொண்டு போட்டால் மயங்கி விழ வாய்ப்புண்டு. 5 நிமிடத்தில் விடவில்லை என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வர நேரமாகும் கிராமம் என்றால், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துத்தான் மேலே அனுப்புவார்கள். வலி வரும் விதம் மாறினால், அதாவது குறைந்த வேலைக்கே வருவது, ராத்திரி எழுப்புவது, நீண்ட நேரம் நீடிப்பது என்றால், பயிற்சி அன்றோடு நிற்க வேண்டும். அது வேறு நோய்நிலை.

12 வாரம் முடிந்ததும் அதே ஆறு நிமிட நடையை மறுபடி எடுங்கள். 25, 30 மீட்டர் கூடியிருந்தாலே உண்மையான முன்னேற்றம். எல்.டி.எல். பாருங்கள். எத்தனாவது படியில் இறுக்கம் வருகிறது என்று முதல் வாரம் எழுதிவைத்ததோடு ஒப்பிடுங்கள். வலி போயிருந்தால் அந்த 70 சதவீதத்தை யாரும் தொட வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி அவரை முடக்கினால், ஆர்.சி.ஏ.வில் ஸ்டென்ட் வைப்பது பற்றிப் பேசலாம். வலியைக் குறைக்க ஸ்டென்ட் உதவுகிறது என்பதை, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2023இன் ஆர்பிட்டா 2 ஆய்வு காட்டியிருக்கிறது. அதுவும் முடியாது என்று மருத்துவர் சொன்னால், அப்போது இ.இ.சி.பி. பற்றி அவரிடமே கேளுங்கள்.